எண்பதில் ஆடிய ஸ்டியரிங்

காவிரியின் இரு கரையிலும் தேடினாலும், வாடிக்கையாளரைத் திட்டுவதற்கென்றே கடை திறந்து வைத்திருக்கும் மனிதர் ரசமட்டம் ஒருவர்தான்.

மாம்பழச்சாலையில் அவருக்கு டயர் கடை. கார் சக்கரத்தைக் கழற்றி ஒரு கூம்பின் மேல் படுக்க வைப்பார். நடுவில், கொத்தனாரின் ரசமட்டத்தில் இருப்பது போல ஒரு நீர்க்குமிழி. குமிழி மையத்துக்கு வரும்வரை விளிம்பில் ஈயக்கட்டிகளை வைப்பார். சக்கரத்தின் எடை எல்லாப் பக்கமும் சமம்; வீல் பேலன்ஸிங் முடிந்தது. பெயர் வந்ததும் அப்படித்தான்.

எனக்கு அவரிடம் போகும் உத்தேசமே இல்லை. தில்லைநகரில் ஒரு ஏ.சி. கடையில், சக்கரத்தைச் சுழற்றிக் கணக்குச் சொல்லும் கம்ப்யூட்டர் மெஷினில்தான் செய்தேன். திரையில் நான்கு சக்கரத்துக்கும் பூஜ்யம், அதாவது எடையில் குறையே இல்லை. நான்காம் நாள், எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடியது. மறுபடி செய்தேன். மறுபடி பூஜ்யம். இம்முறை அறுபதிலேயே ஆடியது. எல்லாம் தேதி, வேகத்தோடு என் நாட்குறிப்பில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை, கண் அறுவை சிகிச்சை முடிந்த அக்காவை மதுரையிலிருந்து அழைத்து வர வேண்டும். தலை குலுங்கவே கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. வேறு வழியின்றி வியாழன் காலை ரசமட்டத்திடம் போய், அக்கா விஷயத்தைச் சொல்லி நாட்குறிப்பை நீட்டினேன். வாங்கி, அதன் மேல் டீ கிளாஸை வைத்தார்!

"படிச்சுப் பாருங்க, எல்லாம் எழுதியிருக்கேன்."

"சக்கரம் எழுதுச்சா, நீங்க எழுதுனீங்களா?"

பொறுத்துக்கொண்டேன். நான்கு சக்கரத்திலும் குமிழியை மையத்தில் நிறுத்தினார். இருவருமாக ஓட்டிப் பார்த்தோம். கொள்ளிடம் தாண்டியதும் ஸ்டியரிங் ஆடியது.

"என்னங்க, உங்க குமிழி தூங்குதா?" என்றேன்.

வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். நெடுஞ்சாலை ஓரத்தில் குப்புறப் படுத்து, சக்கரத்தின் உட்பக்கம் கையை விட்டு, காய்ந்த சேற்றுக் கட்டி ஒன்றை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"இவ்வளவு சேத்துல எங்க சார் போறீங்க?"

"தொட்டியத்துல வாழைத்தோட்டம்..."

"தோட்டத்தையே உள்ள ஏத்தி வச்சிருக்கீங்க! வண்டியக் கழுவுறதே இல்லையா?"

"ஞாயிறு தவறாம கழுவுறேன்! நாட்குறிப்பைப் பாருங்க!"

"மூஞ்சிய மட்டும் கழுவியிருக்கீங்க. முதுக யாரு கழுவுவா?"

மெஷினும் குமிழியும் சேற்றையும் சேர்த்தே கணக்கிட்டிருக்கின்றன. ஓட்டத்தில் கட்டி உதிர்ந்ததும் கணக்குத் தப்பியது.

"நீங்களும்தானே உள்ள பார்க்கல?"

"அதான் சார் கோவமே!"

கடைக்குத் திரும்பி நான்கையும் சுரண்டிக் கழுவி, குமிழியில் சரிபார்த்தார். அதோடு விடவில்லை. "படுத்துக் கிடக்கற சக்கரத்தைத்தான் இது பார்க்கும். ஓடறப்போ பக்கவாட்டுல ஆடுறது இதுக்குத் தெரியாது" என்று என்னைத் தில்லைநகர் கடைக்கே இழுத்துப் போனார். போகும் வழியெல்லாம் மெஷினைத் திட்டினார். மெஷின் பூஜ்யம் காட்டியதும், அதை இயக்கும் பையனிடம் அத்தனை பேர் எதிரில் கத்தினார்.

"கழட்டி, அரைச் சுத்து திருப்பி மாட்டுங்க தம்பி. அப்பவும் பூஜ்யம் வந்தா நம்பறேன்!"

நான்கு சக்கரத்துக்கும் அதே சண்டை; திருப்பி மாட்டியும் பூஜ்யம் வரும்வரை விடவில்லை. எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை நாட்குறிப்பில் ஒரே வரி: அதிர்வு இல்லை. திரும்பும்போது மாம்பழச்சாலையில் ரசமட்டம் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். பின் இருக்கையை எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அக்கா தூங்கினாங்களா?"

அதன்பின் வண்டி ஒருமுறைகூட ஆடவில்லை. ஆனாலும் நேற்று அவரிடம் போய், "லேசா ஆடுதுங்க" என்றேன். நான்கு சக்கரத்துக்குள்ளும் கையை விட்டுப் பார்த்தார். என்னை முறைத்தார். இரண்டு டீ சொன்னார்.

நாட்குறிப்பில் அந்தப் பொய்யை நான் எழுதவில்லை.