இரண்டு விரல் அகலம்

"டயரு ஒல்லியா இருக்கே" என்று காளீஸ்வரி சொன்னது திங்கட்கிழமை சாயங்காலம். செவ்வாய்க்கிழமை கடை திறக்கும்போதே ஜெகதீஸ்வரன் அருப்புக்கோட்டையில் ஹரீஷின் டயர் கடை வாசலில் நின்றான்.

ஹரீஷ் குனிந்து நான்கு டயரையும் தட்டிப் பார்த்தான்.

"நல்லாத்தானண்ணே இருக்கு. எதுக்கு மாத்தணும்?"

"ஒல்லியா இருக்கு."

"கம்பெனிக்காரன் கணக்குப் பண்ணிப் போட்டது. யாரு சொன்னா ஒல்லின்னு?"

"பாக்குறவுகளுக்குத் தெரியும்ல."

"யாரு பாக்குறா?"

ஜெகதீஸ்வரனுக்குக் காது சிவந்தது. ஹரீஷ் புது டயர் எடுக்க உள்ளே போனான்.

சிவப்பு நிறத்தில், இரண்டே பேர் உட்காரும், தரையோடு தரையாகப் போகும் பந்தயக் கார் அது. பெங்களூரில் வேலை பார்த்த அண்ணன் இன்பராஜ் ஆசைப்பட்டு வாங்கியது. அண்ணன் இறந்தபின் பரளச்சிக்கு வந்து, ஒரு வருஷம் மாட்டுக்கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஓட்டாமல் போட்டால் பேட்டரி செத்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். அண்ணனுடையதில் இன்னொன்றும் சாக வேண்டாம் என்று, தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜெகதீஸ்வரன் அதை வெளியே எடுக்க ஆரம்பித்தான்.

மாசி மாதத்தில் பரளச்சி ரோட்டில் வண்டி ஓட்டுவதென்றால் உளுந்துச் செடிமேல் ஓட்டுவதுதான். பிடுங்கிக் காயவைத்த செடியைத் தார் ரோட்டில் விரித்திருப்பார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்துக்கொண்டு போகும். தாழ்ந்த வண்டிக்காரன் இவன் மட்டும் அங்கே நத்தையாக ஊர்வான். அப்படி ஊர்ந்ததில்தான் கையில் விளக்குமாறோடு ஓரமாக நின்ற காளீஸ்வரி கண்ணில் பட்டாள். ஒச்சம்மாள் அத்தை மகள். முறைப்பெண்தான், ஆனாலும் ஒரு வார்த்தை பேசியதில்லை. முதன்முதலாக அவள் பேசிய மூன்று சொல் டயரைப் பற்றியது. சும்மா விட முடியுமா?

"ரெண்டு விரல் அகலம் கூட வருது. போட்டுரவா?" என்றான் ஹரீஷ்.

"போடு."

கடையை விட்டு இறங்கி இடப்பக்கம் ஒடித்ததும் 'கர்ர்' என்றது. டயர் உள்ளே இருந்த பிளாஸ்டிக் தகட்டில் உரசியது. ஹரீஷ் தகட்டை அறுத்து எடுத்தான். இப்போது உள்ளே இரும்பில் உரசியது.

"சக்கரத்துக்குப் பின்னாடி ஒரு வளையம் வச்சு வெளிய தள்ளிருவோம்ணே."

வெளியே தள்ளினான். டயர் வண்டியைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டு, ரோட்டில் கிடந்த ஜல்லியை எல்லாம் பொறுக்கிக் கதவில் அடித்தது. அதோடு, மேல்விளிம்பிலும் இடித்தது.

"ஸ்பிரிங்கை மாத்தித் தூக்கிருவோம்ணே."

தூக்கினான். சிறுத்தை மாதிரி பதுங்கி நின்ற வண்டி, மரத்துக் குழையை எட்டிக் கடிக்கும் ஆட்டுக்கிடா மாதிரி எழுந்து நின்றது.

"இப்ப உரசாதுல்ல?"

"ஸ்டேரிங்க முழுசா ஒடிக்காம இருந்தா உரசாது. பாதி மட்டும் ஒடிங்க."

"பாதி ஒடிச்சா எப்படிடா திரும்புறது?"

"பெரிய எடமாப் பாத்துத் திரும்புங்கண்ணே."

பரளச்சிப் பக்கம் அவ்வளவு பெரிய இடம் தண்ணீர் வற்றிய கண்மாய் ஒன்றுதான். அதற்குள் இறங்கி ஒரு வட்டம் அடித்துத்தான் வண்டி வந்த வழி திரும்பியது. கண்மாய் முழுக்க வேலிக்கருவை முள். சனிக்கிழமைக்குள் ஐந்து பஞ்சர்.

"அகலம் கூடுனா முள்ளுக்கும் வசதிதாண்ணே" என்றான் ஹரீஷ்.

ஆனால் இதெல்லாம் ஜெகதீஸ்வரனுக்கு ஒரு பொருட்டே இல்லை. புது டயரோடு போன அன்றே காளீஸ்வரி சிரித்தாள்.

"இப்பத்தான் பாக்க நல்லாருக்கு. இன்னொருக்கா வருவீகளா?"

வந்தான். கண்மாயில் போய்த் திரும்பி வந்தான். மறுநாள் நான்கு தடவை. அதற்கு மறுநாள் ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் அவள் சிதறிய செடியை ரோட்டின் நடுவே கூட்டித் தள்ளிவிட்டு, ஒதுங்கி நின்று பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிடுவது என்று முடிவு செய்தான். தேய்த்த சட்டை போட்டான். அண்ணனின் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். செடிக்கு முன்னால் வண்டியை நிறுத்தி இறங்கினான்.

"காளீஸ்வரி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

அந்த நேரம் பார்த்து பக்கத்துக் காட்டுக்காரர் பால்சாமி மொபெட்டில் வந்து நின்றார். இவனைப் பார்க்காமல், குனிந்து ஒரு செடியை எடுத்துக் காய்களை நசுக்கிப் பார்த்தார்.

"ஏத்தா காளீஸ்வரி! ஒரு மணிகூட மிச்சமில்லயே! லாரி ஏறுனாக்கூட இப்பிடி உதிராது. மாப்ளே, எல்லாம் ஒன் அகல டயரு வேலதானா?"

"எ... என்ன மாமா?"

"கெட்டிக்காரப் பிள்ளதான். கூலி இல்லாம உளுந்து அடிக்க ஆளு பிடிச்சிருக்காளே! நாளைக்கு என் செடியவும் இங்கன விரிக்கேன், அதுலயும் ஒரு பத்து நடை போயிரு மாப்ளே."

ஜெகதீஸ்வரன் காளீஸ்வரியைப் பார்த்தான். அவள் விளக்குமாற்றைப் பார்த்தாள்.

கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினான். ஒல்லி டயர் ஏன் ஆகாது, அகல டயர் ஏன் நல்லாயிருக்கு, இன்னொருக்கா ஏன் வரவேண்டும், எல்லாம் வரிசையாக விளங்கியது. பெண் பார்க்கப் போவதாக நினைத்துக்கொண்டு ஒரு வாரமாக அவன் களம் அடித்திருக்கிறான்.

நான்கு நாள் வண்டியை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் பேட்டரி முனகியது. அண்ணன் ஞாபகம் வந்தது. நேரே அருப்புக்கோட்டை போய், வளையம், ஸ்பிரிங் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி, பழைய ஸ்பிரிங்கையும் டயரையுமே மாட்டிக்கொண்டான்.

வரும் வழியில் மணி ஐந்து. வழி நெடுக ரோடு சுத்தமாகக் கிடந்தது. ஓர் இடத்தில் மட்டும் உளுந்துச் செடி. ஓரத்தில் காளீஸ்வரி.

நிறுத்தாமல் போகத்தான் நினைத்தான். தாழ்ந்த வண்டி, நத்தையாகத்தான் போனது.

"டயர மாத்திட்டீகளா?" என்றாள் அவள், மெதுவாக.

"மாத்திட்டேன். ஒல்லி டயரு உளுந்து அடிக்க ஆகாது. வேற வண்டி பாத்துக்க."

அவளுக்குக் கண் கலங்கியதைப் பார்த்தான். அதையும் நம்பக்கூடாது என்று முகத்தைத் திருப்பினான்.

காட்டுப் பக்கமிருந்து ஒச்சம்மாள் மூச்சிரைக்க வந்தாள். ரோட்டில் கிடந்த செடியைக் கண்டதும் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏப்பா ஜெகதீசு, நீயாவது இவள என்னான்னு கேளுப்பா! நீ டயரு மாத்துறதுக்கு முந்தியே எங்க உளுந்து மூட்டையாகி வீட்டுக்கு வந்துருச்சு. மாட்டுக்கு வச்ச வெறுஞ்செடியத் தூக்கியாந்து, அஞ்சு மணியானா ரோட்டுல விரிச்சிட்டு நிக்கா!"