மூச்சை விட்டதும் முடிஞ்ச ஷெர்வானி வழக்கு

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. தைச்சு வந்த ஷெர்வானியைப் போட்டுப் பார்க்கணும்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மாமல்லபுரத்துல, கடலோரமா ஒரு மண்டபத்துல என் ரிசப்ஷன். மறுநாள் காலையில முகூர்த்தம். பொண்ணு நிவேதா கல்பாக்கத்துல வளர்ந்தவ. அவங்கப்பா அங்க ஆராய்ச்சி வேலையில இருக்காரு. ஆதாரம் இல்லாம எதையும் நம்ப மாட்டாரு.

எனக்கு ஊர் படாளம். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துல ஒரு கம்பெனியில நாள் பூரா உட்கார்ந்து வேலை. உட்கார்ந்துன்னு சொன்னேன் பாருங்க, அதை ஞாபகம் வச்சுக்கோங்க.

நிவேதாகிட்ட நான் ஜிம்முக்குப் போறதா சொல்லியிருக்கேன். பொய் இல்ல, போனேன். ஒரு நாள். பேர் குடுக்க.

அவளை நேர்ல பார்த்த நாலு தடவையும் தொளதொளன்னு சட்டையை வெளியில விட்டுட்டுத்தான் போனேன். அதனால என் தொப்பை அவளுக்கு இன்னும் அறிமுகம் ஆகல. கல்யாணம் முடிஞ்சு மெதுவா அறிமுகப்படுத்திக்கலாம்னு இருந்தேன்.

சரி, ஷெர்வானிக்கு வர்றேன். கையை நுழைச்சேன், நுழைஞ்சுது. தோள் கச்சிதம். மேல மூணு பட்டன் போட்டேன். நாலாவது பட்டனும் அதோட ஓட்டையும் ஒண்ணை ஒண்ணு தூரத்துல இருந்து பார்த்துக்கிட்டு நின்னுச்சுங்க.

"மூச்சை இழுடா"ன்னாங்க அம்மா.

இழுத்தேன். அம்மா முழங்காலை என் முதுகுல வச்சு ஒரு இழுப்பு இழுத்தாங்க. பட்டனும் மாட்டிச்சு, உள்ள இருந்த நாலு கொக்கியும் மாட்டிச்சு.

"நல்லாத்தான கீது?"

"மா... பேச... முடியல..."

"மாப்ளைக்கு இன்னாத்துக்குடா பேச்சு?"

எனக்குக் கோவம்னா கோவம். நான் சும்மா விடற ஆள் கிடையாது. பிஸ்கட் பாக்கெட்ல ரெண்டு பிஸ்கட் உடைஞ்சிருந்தாலே கம்பெனிக்கு மெயில் போடறவன். உடனே நின்னுக்கிட்டே ஒரு நோட்டீஸ் எழுதினேன். 'தங்கள் கடையின் சேவைக் குறைபாடு காரணமாக ஏற்பட்ட மன உளைச்சலுக்கு... தவறினால் நுகர்வோர் நீதிமன்றத்தை அணுகுவேன்.' படிச்சுப் பார்த்தப்ப எனக்கே கொஞ்சம் பயமா இருந்துச்சு.

அப்புறம் செங்கல்பட்டு டைலர் குணசேகர் மாஸ்டருக்கு போன் போட்டேன்.

"மாஸ்டர், பத்தல."

"இன்னா பத்தல?"

"ஷெர்வானி. டைட்டு. நாளைக்கு ரிசப்ஷன்!"

"போட்டுக்கினு வா. பாத்தாத்தான் தெரியும்."

போனை வச்சுட்டாரு. கடைக்கு எடுத்துட்டு வந்து போட்டுக் காட்டுன்னுதான் சொல்லியிருக்காரு, அது இப்பப் புரியுது. அதைவிட, கழட்டலாம்னு பார்த்தா கொக்கி நாலும் இறுக்கத்துல வளைஞ்சு துணிக்குள்ள சிக்கிக்கிச்சு. அம்மா கத்திரிக்கோலை எடுத்துட்டு வந்தாங்க.

"வேணாம்மா! இது ஆதாரம்!"

இப்படித்தான் தகதகன்னு சந்தன கலர் ஷெர்வானியோட, காலையில பதினோரு மணிக்கு, கொளுத்துற வெயில்ல, படாளம் கூட்டு ரோட்ல பஸ்ஸுக்கு நின்னேன். பைக்ல போக குனியணும். என்னால தலையை மட்டும்தான் அசைக்க முடிஞ்சுது.

பஸ்ல ஏறினேன். பேச்சுச் சத்தம் நின்னுபோச்சு.

கண்டக்டர் வந்தாரு. "இன்னா மாப்ள, எங்க கல்யாணம்?"

"மாமல்லபுரம்... நாளைக்கு..."

"நாளைக்கு அங்க கல்யாணம். இன்னிக்கு இந்தப் பக்கம் எங்க ஓடற?"

முன் சீட்ல கத்திரிக்காய் கூடையோட ஒரு அக்கா. என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க. "பொண்ணைப் புடிக்கலியா கண்ணு?"

அப்படியெல்லாம் இல்லைன்னு வேகமா தலையாட்டினேன். புடிக்கலைன்னு எடுத்துக்கிட்டாங்க.

"அத்த மின்னாடியே சொல்றதுக்கு இன்னா? இப்ப வந்து ஓடனா அந்தப் பொண்ணு கதி இன்னா ஆவறது?"

விளக்கியே ஆகணும். கம்பியைப் புடிச்சுக்கிட்டு இருந்த மூச்சையெல்லாம் திரட்டி "சேவைக் குறைபாடு"ன்னு சொன்னேன். 'சேவை' காத்தாப் போயிடுச்சு. "குறைபாடு" மட்டும் நல்லா கணீர்னு வந்துச்சு.

பஸ்ஸே உச்சுக் கொட்டுச்சு.

"அய்யோ பாவம்! பையனுக்கு ஏதோ குறைபாடாம்!"

"எங்கப்பா?"ன்னாரு கண்டக்டர், நெஜமான அக்கறையோட.

நான் கொக்கி சிக்கியிருந்த இடத்தைக் காட்டினேன். அது தொப்புளுக்குக் கீழ இருந்துச்சு. ஏன் காட்டினேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

ஒரு பெரியவர் படக்குனு எழுந்து இடம் குடுத்தாரு. "உக்காரு தம்பி."

"உக்கார... முடியாது..."

"உக்காரக்கூட முடியலையாமே!" அந்த அக்கா முந்தானையால கண்ணைத் தொடைச்சுக்கிட்டாங்க. "நல்ல காரியம் பண்ண கண்ணு. ஒரு பொண்ணு வாழ்க்கைய கெடுக்கக் கூடாதுன்னு கெளம்பி வந்துட்ட பாரு, நீ மனுசன்."

பின்னாடி யாரோ செல்போன்ல போட்டோ எடுத்த சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பார்க்க முடியல. திரும்பணும்னா பஸ்தான் திரும்பணும்.

செங்கல்பட்டுல இறங்கிக் கடைக்குள்ள போனப்ப நான் வேர்வையில நனைஞ்ச கம்பம். மாஸ்டர் மெஷின்ல இருந்து தலையைத் தூக்கினாரு.

"நேத்தே வருவன்னு பாத்தேன்"னாரு.

பேச மூச்சு இல்ல. நோட்டீஸை நீட்டினேன். கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு எழுத்துக்கூட்டிப் படிச்சாரு.

"சேவைக் குறைபாடு. எங்க கீது?"

நெஞ்சுல இருந்து கீழ வரைக்கும் கையால ஒரு கோடு போட்டுக் காட்டினேன்.

மாஸ்டர் எழுந்து வந்து, கொக்கி மேல கட்டை விரலை வச்சு ஒரு நெம்பு நெம்பினாரு. நாலும் வரிசையா விட்டுச்சு. பட்டன் ஒண்ணு பறந்து போய் எதிர்ல பொம்மை மேல பட்டுது. என் தொப்பை வெளிய வந்து ரெண்டு தடவை ஆடி நின்னுச்சு. ஒரு மணி நேரம் கழிச்சு முழுசா மூச்சு விட்டேன். பேச்சும் வந்துச்சு.

"சட்டப்படி நீங்க..."

"இரு." டேப்பைச் சுத்தினாரு. "நாப்பது." அளவு நோட்டைப் புரட்டி என் பேருக்கு நேரா விரலை வச்சாரு. "அன்னிக்கி முப்பத்தாறு. மூணு வாரத்துல நாலு இஞ்ச். இன்னா நைனா துன்ன?"

"நீங்க தப்பா எடுத்திருக்கீங்க."

"பக்கத்துல இன்னா எழுதிக்கீறேன், அத்தயும் படி."

படிச்சேன். பென்சில்ல குட்டியா எழுதியிருந்துச்சு: 'மூச்சு புடிச்சிகினு.'

எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு. அளவு குடுத்த அன்னிக்கு நிவேதா வீடியோ கால்ல இருந்தா. கலர் பார்க்கணும்னு சொன்னா. மாஸ்டர் டேப்போட இடுப்புக்கு வந்த நேரம் பார்த்து போன் என் பக்கம் திரும்பியிருந்துச்சு. எக்கினேன் பாருங்க ஒரு எக்கு! வயிறு போய் முதுகுல ஒட்டிக்கிச்சு. கண்ணு கூட சிமிட்டல. "ஹலோ? ஹலோ? ஸ்ட்ரக் ஆயிடுச்சா?"ன்னு அவ கேட்டுக்கிட்டே இருந்தா. மாஸ்டர் ஒரு பக்கம், "மூச்ச வுடு சார்... சார், மூச்ச வுடு"ன்னு கெஞ்சினாரு. நான் எப்படி விடுவேன்?

"இது குறைபாடு இல்ல நைனா"ன்னாரு மாஸ்டர், என் வயித்தைப் பார்த்து. "இது கூடுதல்."

கோவமெல்லாம் வடிஞ்சு போச்சு. அழுகைதான் வந்துச்சு. "நாளைக்கு ரிசப்ஷன் மாஸ்டர். இப்பப் போய் புதுசா..."

"பேஜார் பண்ணாத." ஷெர்வானியை உள்பக்கமா திருப்பிக் காட்டினாரு. ரெண்டு பக்கத் தையல்லயும் துணி தாராளமா மடிச்சு விட்டிருந்தாரு. "பக்கத்துக்கு ரெண்டு இஞ்ச். பிரிச்சு வுட்டா நாப்பது. எந்த மாப்ளடா நெஜ வயிறோட அளவு குடுத்துக்கீறான்? எல்லாத்துக்கும் உள்ள வுட்டு வெச்சித்தான் தைப்பேன். கல்யாணத்துக்கு மொத நாளு கரீட்டா வந்து நிப்பாங்க. ஆனா போட்டுக்கினே வந்தது நீதான்."

அளவு நோட்டுல பக்கம் தீர்ந்துபோச்சு. என் நோட்டீஸைத் திருப்பி, பின்பக்கம் எழுதினாரு: 'இடுப்பு 40. நெஜம்.'

அப்பதான் போன் அடிச்சுது. நிவேதா. வீடியோ கால்.

பனியனோட நிக்கிறேன். எடுத்தேன். எடுக்கிறதுக்கு முன்னாடியே வயிறு தானா உள்ள போயிடுச்சு.

"எங்க ஓடிக்கிட்டு இருக்கீங்க?" கண்ணு செவந்திருந்துச்சு. "எங்க தெரு வாட்ஸ்அப் குரூப்ல உங்க போட்டோ வந்திருக்கு. பஸ்ல. 'குறைபாட்டை மறைக்காம விலகிய மாப்பிள்ளை'ன்னு போட்டிருக்காங்க. அப்பா என்ன குறைபாடுன்னு கேட்டுக்கிட்டு பக்கத்துலயே நிக்கிறாரு. சொல்லுங்க!"

சொல்லணும். சொல்லணும்னா மூச்சு விடணும். மூச்சு விட்டா தொப்பை தெரியும்.

அப்படியே நின்னேன்.

"ஹலோ?"ன்னா. கொஞ்ச நேரம் உத்துப் பார்த்தா. அப்புறம் அவ முகம் மாறுச்சு. "மூச்சை விடுங்க."

நான் அசையல.

"ஸ்ட்ரக் ஆனா மூஞ்சி ஊதா கலர்ல மாறாதுங்க. அன்னிக்கே எனக்குத் தெரியும். பாவம்னு ஸ்ட்ரக் ஆயிடுச்சான்னு கேட்டேன். விடுங்க, மயக்கம் போட்டுடப் போறீங்க."

விட்டேன். மொத்தமும் திரையில வந்துச்சு. நிவேதா அதை அமைதியாப் பார்த்தா. வாழ்க்கையிலயே நீளமான அஞ்சு செகண்ட் அதுதான்.

அப்புறம் திரும்பி, "அப்பா, குறைபாடு ஒண்ணும் இல்லப்பா. தொப்பை"ன்னா.

"எங்க, காட்டு"ன்னு ஆதாரம் கேட்டாரு மாமனார். போனை வாங்கிப் பார்த்தாரு. "இவ்வளவுதானா?"ன்னு தன்னோடதை ஒரு தட்டு தட்டிக் காட்டிட்டுப் போயிட்டாரு.

எனக்கு அந்தக் குடும்பத்தை அவ்வளவு புடிச்சுப் போச்சு.

ஞாயித்துக்கிழமை மேடையில கடல் காத்து வாங்கிக்கிட்டு, நாப்பது இஞ்ச் ஷெர்வானியில, நிவேதா பக்கத்துல தாராளமா மூச்சு விட்டுக்கிட்டு நின்னேன்.

போட்டோகிராபர் கேமராவைத் தூக்கினாரு. இறக்கினாரு.

"மாப்ள சார், கொஞ்சம் வயித்தை உள்ள இழுத்துக்கோங்க."

அந்தாள் மேல நோட்டீஸ் எழுதி வச்சிருக்கேன்.