உன் மகள் உன் மகள்தானா என்பது பற்றி

அன்புள்ள தம்பி ருக்மலுக்கு,

வென்னப்புவையில் நானும் உன் மகள் செனுரியும் வெயிலைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். நேப்பிள்ஸில் நீயும் டில்ருக்‌ஷியும் குளிரைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கத் தேவகிருபை துணை செய்யட்டும்.

தூதரகம் கேட்டபடி டி.என்.ஏ. பரிசோதனைக்குக் கொடுத்தாயிற்று. நீதான் தகப்பன் என்று உறுதியானால் பிள்ளைக்கு விசா. இல்லையென்றால் கோப்பை மூடிவிடுவார்கள். பிறப்பைக் காலத்தில் பதியாமல் விட்ட உன் சோம்பலுக்குக் கிடைத்த பலன் இது. டில்ருக்‌ஷி மேல் ஒரு குற்றமும் இல்லை. ஊருக்குத் தெரியாமல் முடிக்கத்தான் நினைத்தேன், ஆனால் நம் பிலோமினா சின்னம்மா, ஞாயிறு பூசை முடிந்து சனம் கலையுமுன், தன் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தியைத் தூக்கிப்போய் அந்தோனியாருக்கு ஏற்றிவிட்டு, எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம், "எங்க ருக்மல்தான் அந்தப் பிள்ளைக்கு அப்பான்னு வரணும், அதுக்குத்தான்" என்று விளக்கமும் கொடுத்தார். நல்ல எண்ணத்தில்தான். மாலைக்குள் மீன் கடையில் பேச்சு.

"சந்தேகம் இல்லாட்டி எதுக்கு நேர்த்தி?"

"அதுவும் அவ்வளவு பெரிய மெழுகுவர்த்தி."

நான் சண்டைக்கே போனேன். "சின்னம்மா, ரத்தத்துல இருக்கிறதை அந்தோனியார் மாத்த மாட்டார்."

"காணாமப் போன சாவியையே தேடித் தர்றவருக்கு ஒரு அப்பாவைத் தேடித் தரத் தெரியாதா?"

"அவன் எங்க காணாமப் போனான்? நேப்பிள்ஸ்ல ஹோட்டல்ல கோப்பை கழுவுறான்."

"அஞ்சு வருசமா இந்தப் பக்கம் வரலியே மகள். அதுக்கு வேற பேர் இருக்கா?"

இதற்கு ஒரு பதில் உனக்கு வந்தால் எழுது.

கொழும்புக்குப் போன அன்று சின்னம்மா, நல்ல காரியம் என்று சொல்லிப் பாற்சோறும் கட்டசம்பலும் கட்டி எடுத்துக்கொண்டு, பரிசோதனைக்கூட வாசல்வரை வேனிலேயே பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டு வந்தார். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்தெடுக்க வந்த நர்ஸ் வாய்க்குள் பார்த்துவிட்டு, "அம்மா, இதுல அப்பா கிடைக்க மாட்டார், சம்பல்தான் கிடைக்கும்" என்றாள். வாய் கொப்பளித்துக் காத்திருந்தோம். பிள்ளை பயப்படாமலிருக்க நர்ஸ், "உங்க அத்தைக்கும் ஒண்ணு எடுத்துப் பார்ப்போமா?" என்று கேட்டாள். செனுரி, "அத்தைக்கு வேணாம். போன்ல வர்றவருக்குத்தான் சந்தேகம்" என்றாள். நான் சுவரிலிருந்த அறிவிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வயதில் என்னிடம் விட்டுப்போன பிள்ளை, பெற்றவர்களிடம்தான் வளரவேண்டும். எனக்கு இதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆகவே முடிவு வந்ததும் ஒருநாளும் தாமதிக்காமல் டிக்கெட் எடு. குளிருடுப்பு வாங்கி வைத்துவிட்டேன். வெறும் பால் குடிக்கமாட்டாள். யார் மேலாவது ஒரு காலைப் போட்டால்தான் தூங்குவாள், டில்ருக்‌ஷியிடம் சொல்லிவை.

உங்கள் இருவருக்கும் சின்னம்மாவின் ஆசீர்வாதம். அவர் ஆசீர்வதிப்பது ஊருக்கே கேட்கும் என்பதால் நான் வேறு சேர்க்கவில்லை.

அன்புடன்,
உன் அக்கா
நிரஞ்சலா

பி.கு.: தபாலில் போடுமுன் முடிவு வந்துவிட்டது. நீதான் அப்பா, தொண்ணூற்றொன்பது புள்ளி தொண்ணூற்றொன்பது வீதம். ஆனால் படித்தவள் என்ற முறையில், மிச்சமிருக்கும் அந்தச் சொச்சத்தை அப்படியே விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதையும் தீர விசாரிக்கச் சொல்லி நீயே தூதரகத்துக்கு எழுது. எத்தனை மாதம் ஆனாலும் பரவாயில்லை. அதுவரை பிள்ளை இங்கேயே இருக்கட்டும்.