வெள்ளிக்கிழமை நடக்காத கால்

நூறு வயது வரை வாழ்ந்துவிடுவது என்று நடனசபாபதி முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்காகவெல்லாம் நடக்க முடியாது என்று முடிவு செய்தது புதன்கிழமை.

கடலூர் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் முப்பத்தைந்து வருஷம் நாற்காலி தேய்த்து, ஓய்வு பெற்றுச் சிதம்பரத்துக்கு வந்தவர். கூடவே சர்க்கரையும் வந்தது. "தினம் பத்தாயிரம் அடி நடங்க. இல்லன்னா ஊசிதான்" என்றார் டாக்டர். சென்னையில் நர்ஸாக இருக்கும் மகள் சுவாதி, அடி எண்ணும் மெஷின் ஒன்றைக் கூரியரில் அனுப்பினாள். தீப்பெட்டி அளவுதான். இடுப்பில் செருகிக்கொண்டால் எத்தனை அடி நடந்தோம் என்று காட்டும். முப்பத்தைந்து வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு நேர்மையான பிறவியை அவர் சந்தித்ததே இல்லை.

மனைவி லோகநாயகி உடனே சட்டம் போட்டாள்.

"முப்பது நாளு மாமா. மொத்தம் மூணு லட்சம் அடி. தெனம் நானே பாத்து காலண்டர்ல எழுதுவேன். வரலன்னா உங்க டிவிஎஸ் பிப்டி குமராட்சிக்குப் போவுது, என் தம்பி செம்பியனுக்கு."

"வண்டி என்னாடி பண்ணுச்சு?"

"அதான் உங்கள இப்பிடி உக்கார வச்சுது. நாலு வீடு தள்ளி இருக்கற டீக்கடைக்கு யாராச்சும் வண்டியில போவாங்களா?"

போவார். பக்கத்து வீட்டுத் துக்கத்துக்கே வண்டியில் போனவர். அந்த வண்டி இல்லாத முதுமையை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பொய் சொல்லக் கூடாது, முதல் நாள் நடக்கத்தான் செய்தார். தெருமுனை வரை போய்த் திரும்பி, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு மெஷினைப் பார்த்தார். நானூற்றுப் பன்னிரண்டு. மறுநாள் ஈஸிசேரில் படுத்தபடி அதைக் கையில் பிடித்துக் குலுக்கினார்.

"என்னா மாமா, கை இந்த ஆட்டம் ஆடுது? நரம்பு டாக்டரயும் பாத்துடுவமா?" என்றது சமையலறை.

மூன்றாம் நாள், கிள்ளையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து தெருத்தெருவாய் மீன் விற்கும் குப்புவைப் பார்த்தார். வயது அறுபது. தலையில் கூடை. நடையா அது? கூடை முன்னால் ஓட, ஆள் பின்னால் துரத்துவது மாதிரி இருந்தது. நடனசபாபதிக்கு மூளையில் விளக்கு எரிந்தது.

"குப்பு, இத இடுப்புல செருகிக்கிட்டு நட. ஒடம்புக்கு நல்லது."

"எனக்கென்னா ஐயா நல்லது? நான் நெனவு தெரிஞ்ச நாள்லேர்ந்து நடக்கறேன்."

"அதான் எனக்கு வேணும். பதினொரு மணிக்குக் குடுத்துடு. தெனம் எங்க வீட்டுல ஒங்கிட்டதான் மீனு."

அவர் டீக்கடையில் உட்கார்ந்தார். நடை ஊரைச் சுற்றிவிட்டு வந்தது. பன்னிரண்டாயிரம்!

லோகநாயகி காலண்டரில் எழுதினாள். "பரவால்லியே மாமா! காலு வலிக்குதா?"

"பழகிடுச்சுடி."

வலிக்காத காலுக்கு ஒரு வாரம் தைலம்கூடத் தேய்த்துவிட்டாள். பக்கத்து வீட்டு ராமாமிர்தத்தைக் கூப்பிட்டு, நடையின் நன்மைகள் பற்றி ஒரு மணி நேரம் பேசினார் நடனசபாபதி. உட்கார்ந்துகொண்டுதான்.

முப்பதாம் நாள் கூட்டிப் பார்த்தாள். மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரம்.

"ஜெயிச்சிட்டீங்க மாமா. ஆனா ஒரு சந்தேகம். ஞாயித்துக்கெழம ஆனா பதினெட்டாயிரம், இருவதாயிரம். வெள்ளிக்கெழம ஆனா எழுநூறு. அமாவாசைக்கு அறுநூறு. கிருத்திகைக்கும் அப்பிடியே. அதென்னா, உங்க காலு கவிச்சி சாப்புடற நாளா பாத்து நடக்குது?"

நடனசபாபதிக்கு வேர்த்தது. வெள்ளி, அமாவாசை, கிருத்திகையில் தெருவில் ஒருத்தரும் மீன் வாங்க மாட்டார்கள்; குப்பு வரவே மாட்டாள். அது காலண்டரில் இப்படிக் காட்டிக்கொடுக்கும் என்பது அவருக்கு இந்த நிமிஷம்தான் உறைத்தது.

"பக்திடி. நல்ல நாளுன்னா மனசு சாமிகிட்ட போயிடுது. மனசு போனப்பறம் காலு எப்பிடி போவும்?"

லோகநாயகி தலையை ஆட்டினாள். சிரிக்கவில்லை. நம்பிவிட்டாள் என்று நினைத்து, மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினார். எழுந்து பார்த்தால் வாசலில் வண்டி இல்லை.

"வண்டி எங்கடி?"

"குடுத்துட்டேன்."

"நான்தான் ஜெயிச்சேனே! ஒன் தம்பிக்கு எப்பிடிக் குடுக்கலாம்?"

"தம்பிக்கா? சொன்ன சொல்லு மாறுவனா? குப்புவுக்குக் குடுத்தேன்."

"குப்புவுக்கா!"

"இடுப்பு வலின்னு அழுவுது பாவம். ரெண்டு பேரு நடைய ஒரே ஆளு நடந்தா வலிக்காதா?"

அவர் ஈஸிசேரில் மெதுவாக உட்கார்ந்தார்.

"நூறு வயசு வேணும்னீங்களே. குப்பு நடந்தா குப்புவுக்குத்தான் நூறு வயசு வரும். அப்பறம் நான் யார்கிட்ட சண்ட போடறது?" என்று சொல்லி, மெஷினை அவர் இடுப்பில் அவளே செருகிவிட்டாள்.

மறுநாள் காலை தெருமுனை தாண்டியதும் அவருக்கு மூச்சு வாங்கியது. பின்னால் பழக்கமான சத்தம். அவருடைய வண்டி. மேலே குப்பு, பின்னால் மீன் பெட்டி.

"ஓட்டக்கூடத் தெரியுமா ஒனக்கு?"

"எம் மவன் வண்டியில ஓட்டிப் பழகுனதுதான் ஐயா."

"சரி, கொஞ்சம் நிறுத்து. அடுத்த தெரு டீக்கடை வரைக்கும் ஏறிக்கறேன்."

குப்பு நிறுத்தினாள். அவர் இடுப்பிலிருந்த மெஷினை எட்டி எடுத்துப் பார்த்தாள்.

"முந்நூத்தி எழுவது. அவ்ளோதானா? தெனமும் உங்கள எங்க பாத்தாலும் நிறுத்தி, என்னா காட்டுதுன்னு பாத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க அம்மா."