காடைக்கு முன்னால் நின்ற நாய்க்குட்டி

ஒரு காட்டில் மார்கழி போய்த் தை பிறந்தும் குளிர் விட்டபாடில்லை. எந்தக் காடு என்று கேட்காதீர்கள். சொன்னால் நாளைக்கே கிளம்பிப் போய் அங்கே நிற்பீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா?

அந்தக் காட்டில் கருப்பாயி என்று ஒரு வேட்டைநாய் இருந்தது. அதன் குலத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பறவை வாசம் மூக்கில் பட்டால் குரைக்காது, பாயாது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கும், வாலை நீட்டும், வாசம் வந்த பக்கம் மூக்கைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிடும். 'இதோ, இந்தப் புதரில்தான்' என்று வாயைத் திறக்காமல் சொல்லும் வித்தை அது. பிடிப்பது வேறு ஆள் வேலை. காட்டிக்கொடுப்பது மட்டும்தான் இவர்கள் வேலை. நல்ல குடும்பம்தான், தப்பாக நினைக்க வேண்டாம்.

கருப்பாயிக்கு ஒரே குட்டி. வெள்ளை உடம்பில் மொச்சைக் கொட்டை அளவுக்குப் புள்ளி புள்ளியாக இருந்ததால் மொச்சை என்று பெயர். ஆறு மாதம் ஆகியிருந்தது. சாப்பிடுவது, தூங்குவது, தன் வாலைத் தானே துரத்துவது என்று மூன்று வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

குட்டிக்குப் பறவையைப் பழக்கக் குளிர்காலம்தான் தோது. பனி ஈரத்தில் வாசம் தரையோடு படிந்து கிடக்கும். பாம்பும் அதிகம் நடமாடாது. மாசி பிறந்தால் வெயில் ஏறிவிடும், வாசம் காற்றோடு போய்விடும். அதனால் அந்தக் காட்டில் ஒரு சட்டம். தை கடைசி நாள் பொழுது சாய்வதற்குள் குட்டி ஒரு பறவைக்கு முன்னால் அசையாமல் நிற்க வேண்டும், தேர்வாளர் அதைக் கண்ணால் பார்த்துச் சான்றிதழ் தர வேண்டும். தவறினால் கரடியின் தேன் கிடங்குக்குக் காவல். ஆயுசுக்கும் சங்கிலி. கருப்பாயியின் அண்ணன் மகன் அப்படித்தான் போனான். தேனீ கொட்டிக் கொட்டி இப்போது அவனுக்கு மூக்கு எது, கன்னம் எது என்று பெற்றவளுக்கே அடையாளம் தெரிவதில்லை.

தேர்வாளர் தணிகாசலம் ஒரு நரி. அதிகாரி என்பதால் 'அவர்' என்றே சொல்லிவிடுகிறேன், எதற்கு வம்பு. தேர்வு முடிந்ததும் அந்தப் பறவை தேர்வாளருக்கு. அதை லஞ்சம் என்று அங்கே யாரும் சொல்வதில்லை, மரியாதை என்பார்கள்.

கருப்பாயி மார்கழி பாதியிலேயே பொறுமையாகத்தான் ஆரம்பித்தது. முதலில் ஒரு இறகைக் காட்டியது. மொச்சை மோந்து பார்த்துத் தும்மியது. அடுத்த வாரம் இறகைக் கொடியில் கட்டி இழுத்தது. குட்டி விழுந்தடித்துக்கொண்டு துரத்தியது. இரண்டே தடவை, அதோடு கருப்பாயி நிறுத்திவிட்டது. "அளவாக் காட்டணும். திகட்டிப் போச்சுன்னா திரும்பியே பாக்காது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

மூன்றாவது வாரம் உயிருள்ள புறா. அங்கேதான் வந்தது வினை. அந்தப் புறா காலையிலேயே வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தது. மொச்சை மூக்கை நீட்டியதும் இறக்கையால் 'பளார்' என்று ஒன்று வைத்தது. குட்டி அலறிக்கொண்டு ஓடித் தாயின் வயிற்றுக்கடியில் புகுந்தது. மூன்று நாள் வெளியே வரவில்லை.

"எனக்குப் பறவையே வேணாம்மா. நான் தேன் காவலுக்கே போறேன்" என்றது.

கருப்பாயி திட்டவும் இல்லை, தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் நிறுத்தவும் இல்லை. தினமும் சோறு வைக்கும்போது தூரத்தில் ஒரு மைனாவைக் கத்தச் சொன்னது, அவ்வளவுதான். மைனாவுக்குக் கத்தச் சொல்லித்தர வேண்டுமா என்ன? பத்து நாளில் பறவைச் சத்தம் கேட்டால் குட்டிக்கு வாயில் எச்சில் ஊறியது, இருபது நாளில் பயம் விட்டது. அதற்குள் தை முடிந்து கடைசி நாள் வந்துவிட்டது.

அன்று விடியற்காலையில், பனி மூட்டத்தில், ஒரு காரைப் புதருக்கு முன்னால் மொச்சை சட்டென்று நின்றது. கால் தானாக மேலே எழும்பியது. வால் நீண்டது. புதருக்குள்ளே சரோசா என்ற காடை பதுங்கியிருந்தது. காடைக்குப் பறப்பது கடைசி யோசனைதான், முதலில் பதுங்கத்தான் தோன்றும்.

கருப்பாயிக்குச் சந்தோஷத்தில் கண்ணே நிறைந்துவிட்டது. "என் ராசா, அப்படியே இரு. யாரு என்ன கேட்டாலும் வாயத் தொறக்காத. காலை எறக்காத. நான் போய் நரி அய்யாவக் கையோட கூட்டியாந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஓடியது.

இதுவரைக்கும் எல்லாம் சரிதான். அந்தப் பக்கமாக முள்ளம்பன்றி பெரியநாயகம் வந்தது.

"என்ன தம்பி, எதுக்கு நிக்கறீங்க?"

மொச்சை பேசவில்லை.

"ரொம்ப நேரமாவா?"

பெரியநாயகம் யோசித்தது. ஒருத்தன் விடியற்காலையில் குளிரில் வந்து நிற்கிறான். நின்று நின்று கால் வலித்து ஒரு காலைத் தூக்கியே வைத்திருக்கிறான். எதற்கு என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். சொன்னால் கூட்டம் சேர்ந்துவிடும் என்றுதானே மறைக்கிறான்? 'என்கிட்டயா?' என்று நினைத்துக்கொண்டு பெரியநாயகம் மொச்சைக்குப் பின்னால் போய் நின்றது.

அவ்வளவுதான். அடுத்து வந்த முயல், "என்ன குடுக்கறாங்க?" என்று கேட்டது.

"தெரியாது. தீந்துபோறதுக்குள்ள வாங்கிடணும்."

முயல் நின்றது. முயலைப் பார்த்து மான் நின்றது. கீரி ஒரு கல்லை வைத்து, "இது நான்தான், பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனது. யானை அதைப் பார்த்துத் தன் பங்குக்கு ஒரு பாறையை உருட்டிக்கொண்டு வந்து வைத்தது. "லேடீஸுக்குத் தனி லைன் கிடையாதா?" என்று பெண்மயில் ஒன்று ரகளை செய்தது. வெயில் ஏறுவதற்குள் வரிசை ஓடையைத் தாண்டிவிட்டது.

புதருக்குள் இருந்த காடை இலையை விலக்கிப் பார்த்தது. முதலில் ஒரு நாய் மூக்கு. அதன் பின்னால் முள். அதன் பின்னால் காடே நின்றது. 'ஒரு காடைக்கு இத்தனை பேரா? ஆளுக்கு ஒரு இறகுகூட வராதே' என்று அதன் ஈரக்குலை நடுங்கியது. எழும்பிப் பறந்தால் எவன் வாயில் விழுவோமோ என்று பறக்கவும் பயம்.

அப்போது பெரியநாயகம் எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "மேடம், எப்பங்க தொறப்பீங்க?" என்று கேட்டது.

காடையை அதுவரைக்கும் யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. அதன் முட்டையிலிருந்து வந்த பிள்ளைகளே கூப்பிட்டதில்லை. நடுக்கம் சட்டென்று நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டது.

"பத்து மணிக்கு. எல்லாரும் ஒழுங்கா நிக்கணும். இடிச்சீங்கன்னா மூடிட்டுப் போயிருவேன்."

காடு முழுக்க நெட்டுக்குத்தலாக நின்றது. கவுண்ட்டர் திறந்த பிறகு காடையை 'அது' என்று சொல்வது முறையில்லை. இனிமேல் சரோசா அம்மா.

கருப்பாயி நரியைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது உச்சி வெயில், வரிசை ஒரு அடிகூட நகரவில்லை. தணிகாசலம் நேராக முன்னால் போகப் பார்த்தார்.

"யோவ், பின்னால போய்யா!" என்றது காட்டுப்பன்றி.

"நான் தேர்வாளர்."

"நாங்க மட்டும் வேலவெட்டி இல்லாம நிக்கறமா?"

அடையாள அட்டையைக் காட்டினார். "காலையிலருந்து நாலு பேரு காட்டிட்டாங்க" என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் யானைக்குப் பின்னால் நிறுத்தப்பட்டார். அங்கிருந்து பார்த்தால் யானையின் பின்பக்கம் மட்டும்தான் தெரிந்தது.

"கண்ணால பாக்காம கையெழுத்துப் போட மாட்டேன். இதுல நான் கறாரு" என்று கருப்பாயியிடம் சொன்னார்.

கருப்பாயி பதறிக்கொண்டு முன்னால் ஓடியது. "முன்னால நிக்கறது எம்புள்ளதாங்க!" என்று கெஞ்சியது.

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. போம்மா, போ."

பொழுது சாய ஆரம்பித்தது. அந்தக் குட்டி காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் நிற்கிறது. தூக்கிய கால் வெடவெடவென்று ஆடுகிறது, கண்ணில் நீர் வடிகிறது, வாயை மட்டும் திறக்கவில்லை. கருப்பாயிக்கு மனசு கேட்கவில்லை. கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு, புதரின் பின்பக்கமாக ஊர்ந்து போய், சரோசா அம்மாவின் காலடியில் தலையை வைத்தது.

"தாயீ, எம்புள்ளையக் காப்பாத்துங்க. இன்னைக்குச் சான்றிதழ் இல்லன்னா கரடி சங்கிலியோட வந்துருவான்."

"உம்புள்ள பாஸாயிட்டா என்னை என்ன பண்ணுவீங்க?"

கருப்பாயிக்குப் பொய் சொல்ல வராது. "நரி அய்யா சாப்புடுவாருங்க."

"அப்ப நான் எதுக்குங்கறேன் உதவணும்?"

கருப்பாயி அழுதது. சரோசா அம்மா சற்று நேரம் வரிசையைப் பார்த்தார், ஆடுகிற காலைப் பார்த்தார். ஒரு தேக்கு இலையை இழுத்து அலகால் கொத்திக் கொத்தி எழுதினார்: 'இந்தக் குட்டி காலை முதல் மாலை வரை ஒரு பறவைக்கு முன்னால் நின்றது. பார்த்தேன்.' சேற்றில் காலை முக்கி, ஓரத்தில் முத்திரை வைத்தார்.

"நரி அய்யா கையெழுத்து வேணுமேங்க" என்றது கருப்பாயி.

"முத்திரை இருக்கற தாளை எவன் படிக்கறான்? ஆனா ஒண்ணு. உம்புள்ள தெனமும் காலையில வந்து இங்க நிக்கணும். அவன் நின்னாத்தான் வரிசை நிக்கும், வரிசை நின்னாத்தான் எவனும் எம்மேல பாய மாட்டான்."

கரடி வந்தது. தோளில் சங்கிலி கலகலவென்றது. கருப்பாயி இலையை நீட்டியது. கரடி அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தது. முத்திரையை மோந்து பார்த்தது. சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு, "இதெல்லாம் எங்க குடுக்கறாங்க?" என்று கேட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டது.

கருப்பாயி ஓடிப்போய், "போதும் கண்ணு, காலை எறக்கு" என்றது. மொச்சை காலை இறக்கியது, அப்படியே சரிந்து விழுந்து தூங்கிவிட்டது. பெற்ற வயிறு அன்றைக்குத்தான் குளிர்ந்தது.

மறுநாளிலிருந்து குட்டி தினமும் வந்து நின்றது. எட்டு மணி நேரம், நடுவில் அரை மணி சாப்பாடு. ஒரு நாள் தாயிடம், "ஏம்மா, அந்தப் பறவையத் தின்னா எப்படியிருக்கும்?" என்று மட்டும் கேட்டது. "வேலையில இருக்கறவன் பேசற பேச்சா இது?" என்று கருப்பாயி வாயை அடைத்துவிட்டது. பெரியநாயகத்துக்கும் ஒரு இலை கிடைத்தது. அதில் 'பெற்றுக்கொண்டார்' என்று எழுதியிருந்தது. எதை என்று கேட்காமல் அதைச் சட்டம் போட்டு வளையில் மாட்டிவைத்தது.

நான்காம் நாள் தணிகாசலத்தின் முறை வந்தது. நான்கு நாள் பட்டினி. கண் பஞ்சடைத்திருந்தது. எதிரே, ஒரு முழம் தூரத்தில், கொழுகொழுவென்று காடை உட்கார்ந்திருந்தார். ஒரே வாய்தான். நரிக்கு நாக்கில் எச்சில் சொட்டியது, பின்னங்கால் பதுங்கியது, வாய் திறந்தது.

சரோசா அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை. "போட்டோ ரெண்டு, ஜெராக்ஸ் காப்பி ஒண்ணு" என்றார்.

பின்னாலிருந்து கரடி, "சீக்கிரம் முடிங்க சார், நாங்களும் மனுசங்கதானே!" என்று கத்தியது.

நரி வாயை மூடிக்கொண்டார். கோரைப்பல்லில் தொங்கிய எச்சிலைத் துடைத்தார். கையைக் கட்டிக்கொண்டு, "காப்பியில அட்டெஸ்டேஷன் வேணுங்களா மேடம்?" என்று கேட்டார்.

"வேணும். எடுத்துட்டு வந்து கடைசியில நில்லுங்க."

"சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு நரி போனார்.

நீதி: பசியோடு வருபவனைக் கண்டு பறந்து ஓடாதே, வரிசையில் நிற்கச் சொல். அவனே பசியை மறந்து காப்பி எடுக்கப் போய்விடுவான்.