வாங்களேன், சேர்ந்தே போகலாம்

என் பெயர் வீரயுத். வீரமும் யுத்தமும் பெயரோடு சரி. வீட்டில் எனக்கு இருக்கும் ஒரே அதிகாரம் பிக்கப் வண்டியின் சாவி. அதை எந்த ஆணியில் மாட்டுவது என்பதையும் என் மனைவி மாலிவன்தான் முடிவு செய்வாள்.

இந்தப் புத்தாண்டுக்கு ஒரு சபதம் எடுத்தேன். கடலுக்குப் போகிறோம். வண்டி இல்லாமல் போகிறோம்.

காரணத்தைச் சொல்கிறேன், வெளியே விடாதீர்கள். எங்கள் தோன்புரிப் பக்கத்துச் சந்துகளில் பிக்கப் வைத்திருக்கிறவன் குடும்பத் தலைவன் இல்லை, டிரைவர். சோங்க்ரான், அதாவது எங்கள் புத்தாண்டு, வந்தால் போதும். மச்சான் பிரயூன், அவர் மனைவி சம்லீ, என் மாமியார், அவர்களுடைய பாய், அடுப்பு, ஐஸ்பெட்டி எல்லாம் கேட்காமலே பின்னால் ஏறிவிடும். கடற்கரையில் அவர்கள் தண்ணீரில் இறங்குவார்கள். நான் வண்டி நிறுத்த இடம் தேடி ஊரைச் சுற்றுவேன். வந்து சேரும்போது நண்டு ஓடு மட்டும் மிச்சம் இருக்கும். இத்தனை வருஷத்தில் கடலுக்குப் போய் என் கால் நனைந்தது ஒரே ஒரு தடவை. அன்றைக்கு ஐஸ்பெட்டி ஒழுகியது.

அது போகட்டும். விஷயம் வேறு. எங்கள் ஒரே மகன் வேலைக்கு வடக்கே போய்விட்டான். அவன் போன பிறகு வீட்டில் நானும் மாலியும்தான். சாப்பிடும்போது டிவி பேசுகிறது, நாங்கள் கேட்கிறோம். உப்பு வேணுமா, வேண்டாம், கதவைப் பூட்டியாச்சா, ஆச்சு. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் எங்கள் பேச்சு. பெண்டாட்டியோடு ஒரு இரண்டு நாள் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இந்த வயதில் இது ஒரு ஆசையா என்று கேட்காதீர்கள். கேட்க ஆள் இல்லாதவனுக்குத்தான் தெரியும்.

"மாலி, இந்தத் தடவை வண்டி வேணாம்."

"ஏன், ரிப்பேரா?"

"இல்ல. மகாசாய் வரைக்கும் ரயிலு. அங்க ஆத்தைப் படகுல தாண்டறோம். அந்தாண்ட இன்னொரு ரயிலு, மேக்லோங் வரைக்கும். அப்புறம் பஸ்ஸு. அப்புறம் மறுபடியும் படகு. கடலுக்குள்ளயே கால் நட்டுக் கட்டின குடிசை ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். சுத்தி தண்ணிதான்."

"அடேயப்பா! ஒரே வண்டில போற தூரத்துக்கு இத்தனை வண்டியா?"

"அதுல ஒரு சுகம் இருக்கு."

"யாருக்கு?" என்றாள். பிறகு, "அம்மாக்கு முட்டி வலி. இத்தனை தடவை ஏறி இறங்க முடியாதே" என்றாள்.

"அய்யோ பாவம்" என்றேன். குரலில் துக்கத்தைக் கொண்டுவர ரொம்பச் சிரமப்பட்டேன்.

"அண்ணனுக்கு ரயில்ல உக்காந்தா தலை சுத்தும்."

"அடடா!"

"அப்போ நாம ரெண்டு பேரு மட்டுந்தானா?"

"என்ன பண்றது மாலி, வேற வழி?"

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிங்க, போலாம்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து என் யோசனை எதற்கும் அவள் இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதில்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். புத்தி வந்தால்தானே!

கிளம்புகிற அன்று காலையில் பையைத் தூக்கினேன். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே கல் உரல். உலக்கையோடு.

"ரெண்டு பேருக்கு எதுக்குடி உரலு?"

"கடல்ல உக்காந்து பப்பாளிக்காய் இடிச்சுச் சாப்பிட வேணாமா? நீங்கதானே சுகம் சுகம்னீங்க?"

அதுவும் நியாயம்தான் என்று தூக்கிக்கொண்டேன். ஆசைப்பட்டு எனக்காகச் செய்கிறாள் என்று நினைத்தேன். அட முட்டாளே!

"போற வழில அண்ணன்கிட்ட வண்டிச் சாவியைக் குடுத்துட்டுப் போயிருவோம். சந்துல புத்தாண்டுப் பந்தல் போடுவாங்க. வண்டியை நகர்த்தணும்னா யாரு இருக்கா?" என்றாள். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாப்பிடுகிறவன் தெருவில் போகிறவனைப் பார்த்து, 'வாங்க, சாப்பிடலாம்' என்பான். போகிறவன் வயிறு ஒட்டிக் கிடந்தாலும், 'இப்பத்தான் ஆச்சு' என்பான். பயணம் கிளம்புகிறவன், 'வாங்களேன், சேர்ந்தே போகலாம்' என்பான். நிற்கிறவன், 'நீங்க போய்ட்டு வாங்க' என்பான். அத்தோடு சரி. யாரும் யார் சோற்றிலும் கை வைக்க மாட்டார்கள். ஆனால் அதே ஆளை இரண்டாவது தடவை கூப்பிட்டால் கதை வேறு. அது நிஜ அழைப்பு. மறுத்தால் கூப்பிட்டவனுக்கு அவமானம்.

மச்சான் வாசலில் மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தார்.

"எங்க மாப்ளே, மூட்டை முடிச்சோட?"

"கடலுக்கு மச்சான். வாங்களேன், சேர்ந்தே போகலாம்."

"நீங்க போய்ட்டு வாங்க. எங்களுக்கு என்ன."

முடிந்தது. நகர வேண்டியதுதான். நகர்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மாலி என் முழங்கையை இடித்தாள்.

"அண்ணன் மூஞ்சி வாடிப் போச்சு பாருங்க" என்று காதோடு கிசுகிசுத்தாள். "இன்னொரு தடவை சொன்னா என்ன, வாய் தேஞ்சா போயிரும்? அவங்களால எப்படியும் வர முடியாது. ரயிலு ஒத்துக்காது. உங்களுக்குப் பேராவது மிஞ்சும்."

பேர்! அந்த ஒரு சொல்லில்தான் நான் கவிழ்ந்தேன். செலவில்லாமல் பேர் கிடைக்கிறது என்றால் எந்த ஆண்பிள்ளை விடுவான்?

"அட, சும்மா வாங்க மச்சான்! நீங்க இல்லாம எங்களுக்கு என்ன கடலு?" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். பிடித்த கையிலேயே சாவியையும் வைத்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறவன் இவ்வளவு மரியாதையாக வைத்துக்கொண்டதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மச்சான் சாவியைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். "நல்லபடியா போய்ட்டு வாங்க" என்றார்.

ரயிலில் அவளுக்கு ஜன்னலோரம். உரலுக்கு என் மடி. ரயில் வீடுகளின் கொல்லைப்பக்கமாகப் போனது. யாரோ ஒரு தாய் மகனுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

"பையன் போனதுலேர்ந்து வீடு என்னமோ மாதிரி இருக்குதுங்க" என்றாள் மாலி, வெளியே பார்த்துக்கொண்டே.

"ம். மகாசாய்ல இறங்கின உடனே வேகமா நடக்கணும். படகை விட்டா அந்தாண்ட ரயிலு போயிரும்."

அவள் என் பக்கம் திரும்பினாள். மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் என்ன செய்ய? பேச்சை நான் குடிசைக்கு ஒதுக்கி வைத்திருந்தேன். சாயங்காலம், கடல், தென்னங்கூரை, நாங்கள் இருவர். அங்கே எல்லாவற்றையும் மனம்விட்டுப் பேசுவதாகத் திட்டம். வழியில் செலவழிப்பானேன்?

படகில் ஏறினோம். அவள் கொஞ்சம் சிரித்தாள். நான் அக்கரை ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று படகுக்காரரிடம் விசாரித்துக்கொண்டிருந்தேன். அக்கரையில் ரயில் வர ரொம்ப நேரம் ஆனது. ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். "உங்களுக்கு ஞாபகம் இருக்கா, கல்யாணம் ஆன புதுசுல..." என்று ஆரம்பித்தாள். "இரு இரு, ஏதோ அறிவிக்கிறாங்க" என்றேன். அறிவிப்பு தாமதத்தைப் பற்றித்தான். அவள் அந்த வாக்கியத்தை முடிக்கவே இல்லை.

மேக்லோங் சந்தைக்குள் ரயில் நுழைந்தபோது தண்டவாளத்தை ஒட்டியே கடை போட்டிருந்தவர்கள் துணிக்கூரையை மடக்கி வழிவிட்டார்கள். இறங்கி, இரண்டு பெஞ்சு போட்ட வண்டியில் குலுங்கி, கடைசியில் துறையில், வால் மாதிரி நீண்ட மோட்டார் தண்டு வைத்த ஒரு வால்படகு. என் தோளில் உரலின் தடம் பதிந்தேவிட்டது. ஆனாலும் மனசு துள்ளியது. அதோ கடல். அதோ சிப்பிப் பண்ணைகளுக்கு நடுவில் நம் குடிசை. எந்தப் பிக்கப்பும் வர முடியாத குடிசை!

குடிசை வாசலில் ஏதோ காய்ந்துகொண்டிருந்தது. பூப்போட்ட கைலி. அந்தப் பூவை எனக்குத் தெரியும். என் மாமியாருடையது.

"வந்துட்டாங்க, வந்துட்டாங்க!" என்று மச்சான் எழுந்து நின்று கை ஆட்டினார். "மாப்ளே, உரல் பத்திரமா வந்துச்சா?"

"நீங்க... எப்படி மச்சான்?"

"நல்லாருக்கே! ரெண்டு தடவை கூப்பிட்டு, கையில சாவியையும் குடுத்தீங்க. அதுக்கு மேலயும் மறுத்தா உங்களுக்கு அவமானமில்ல? வண்டியைத் துறையில விட்டுட்டுப் படகுல வந்தோம். உங்க வண்டி பறக்குது மாப்ளே!"

"அத்தை, உங்க முட்டி?"

"வண்டில உக்காந்து வந்தா முட்டி என்னய்யா பண்ணும்?" என்றார் மாமியார். "ஏன் இவ்வளவு லேட்டு? உரல் இல்லாம பப்பாளி அப்படியே கெடக்கு."

கடல் காற்று வாங்கும் முன்பக்கத்தில் நான்கு பாய் விரித்திருந்தது. ஐந்தாவது பாய் அடுப்புக்குப் பக்கத்தில். அது யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

அடுப்படிக்குப் போனேன். மாலி உரலில் மிளகாயும் பூண்டும் போட்டு இடித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் உன் வேலைதானே?"

"நான் யாரையாச்சும் கூப்பிட்டேனா? கூப்பிட்டது நீங்க. ஊர்வழக்கம் தெரியாதவரா நீங்க?"

"நான் எதுக்கு இத்தனை பாடுபட்டேன்னு உனக்குத் தெரியாதா?"

"ஏன் தெரியாம? முட்டி வலின்னப்ப உங்க மூஞ்சில தீபம் எரிஞ்சுதே! எங்கம்மாவைக் கழட்டி விடத்தான் இவ்வளவு ரயிலுன்னு அப்பவே தெரியும்."

"அதுக்கில்ல மாலி. நாம ரெண்டு பேரும் தனியா இருக்கணும்னு... பேசணும்னு..."

உலக்கை நின்றது.

"காலையிலேர்ந்து பக்கத்துலயேதானே இருந்தேன். ரெண்டு ரயிலு, ரெண்டு படகு. யாரு இருந்தா நடுவுல? என்ன பேசினீங்க? எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், வேகமா நட. வீட்லயும் நாம தனியாத்தான் இருக்கோம். அந்தத் தனிமை போதாதா? லீவு நாள்லயாவது நாலு மனுஷ சத்தம் கேக்கட்டுமேன்னுதான் இவங்க."

மறுபடி இடிக்க ஆரம்பித்தாள். நியாயமாகப் பார்த்தால் நான் கோபப்பட்டிருக்க வேண்டும். கோபம் வரவில்லை. இடித்து முடித்து முன்பக்கம் போய் உட்கார்ந்தவள், அண்ணன் ஏதோ சொல்ல, வயிறு குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் என் வீட்டில் கேட்டு ரொம்ப நாள் ஆயிற்று. நான் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து அவர்களுக்கு இறால் சுட்டேன்.

திரும்பும் நாள். பிக்கப்பில் முன்னால் மச்சான், மாமியார். பின்னால் மாலி, சம்லீ, சிப்பி மூட்டை. எனக்கென்று மிச்சமிருந்த இடத்தில் உரல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"நான்?" என்றேன்.

"உங்களுக்குத்தான் ரயில்னா உயிராச்சே" என்றாள் மாலி. "வர்ற வழில மேக்லோங் சந்தைல அவிச்ச மீன் வாங்கிட்டு வந்துருங்க. அக்கம்பக்கத்துக்கு எதாச்சும் குடுக்கணும்ல."

வாங்கினேன். மேக்லோங் கானாங்கெளுத்தியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூங்கில் தட்டில் அடங்க வேண்டும் என்பதற்காகக் கழுத்தை ஒடித்து வளைத்து வைப்பார்கள். மடியில் அந்தக் கூடை. பக்கத்து இருக்கை காலி. யாருமே இல்லாத அந்த ரயிலில் எனக்குச் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. பையனைப் பற்றி. வீட்டைப் பற்றி. அவள் அந்தப் பெஞ்சில் முடிக்காமல் விட்ட வாக்கியத்தைப் பற்றி. எனக்கு அது ஞாபகம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். கண் கூடக் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன்?

போன் அடித்தது. மாலி.

"எங்க இருக்கீங்க?"

"ரயில்ல."

"பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"யாருமில்ல."

"ஏதோ பேசணும்னீங்கல்ல. இப்ப பேசுங்க. கேக்கறேன்."

எத்தனை மாதமாகக் காத்திருந்தது இதற்குத்தான். தொண்டையைச் சரி செய்துகொண்டேன். வாயைத் திறந்தேன். வாய் தன் பழக்கத்துக்குப் பேசியது.

"அடுத்தது பான்லேம் ஸ்டேஷன். அங்க இறங்கி மகாசாய்க்குப் படகு பிடிக்கணும்."

அந்தப் பக்கம் பிக்கப்பே குலுங்குகிற மாதிரி ஒரு சிரிப்பு. போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள்; மச்சான், சம்லீ, மாமியார் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"பாத்தீங்களா, நான் சொல்லல?" என்றாள் மாலி. என்னிடம் இல்லை, அவர்களிடம்.