சொருகினால் தானாக மாறும்

கீபோர்டுக்கு பஸ்ஸில் ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்த மனிதர், எனக்குத் தெரிந்து உலகத்திலேயே போர்டு அண்ணன் ஒருவர்தான்.

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த டிடிபி கடையில் அவர்தான் சீனியர். நிஜப் பெயர் ஓனருக்கே மறந்துவிட்டது. பழைய தமிழ் டைப்ரைட்டர் முறையில்தான் அடிப்பார். அதற்கென்று எழுத்து ஒட்டிய சொந்த யுஎஸ்பி கீபோர்டைத் துண்டில் சுற்றித் தினமும் கொண்டுவருவார். நானோ ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைக்கும் கட்சி.

"இதுக்குப் பேரு டைப்பிங்காம்மா? தமிழை இங்கிலீஷ் வழியா சுத்திக்கினு இட்டாற!" என்பார்.

இருவருக்கும் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அவர் போர்டைச் சொருகினால் அவர் முறைக்கு மாற்ற வேண்டும். உருவினால் என் முறைக்கு. மறந்தால் திரையில் பேயாட்டம்தான்.

ஒருநாள் கல்யாண வரவேற்பு பேனரில் கடைசி நேரத் திருத்தம், மணமகள் பெயர். அண்ணன் சொருகினார், முறையை மாற்ற மறந்தார், திரையைப் பார்க்காமலே அடித்தார், பிரிண்டுக்கும் அனுப்பிவிட்டார். மேல்சித்தாமூரிலிருந்து பெண்ணின் அப்பா, சுருட்டிய பேனரோடு பைக்கில் பறந்து வந்தார்.

"எம் பொண்ணு பேரு பத்மா சார். இங்க 'டசநதைகு'ன்னு இருக்குது. இது இன்னா பாஷை?"

அண்ணன் வேறு பேனர் அடித்து, தானே போய் மண்டபத்தில் கட்டிவிட்டு வந்தார். ஓனருக்குக் கோபம் ஆறவில்லை.

"இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா, நீயும் வேணாம், உன் போர்டும் வேணாம்!"

அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரமெல்லாம் அண்ணன் போனில் புரோகிராம் எழுதக் கற்றுத்தரும் வீடியோ பார்த்தார். ஒருவழியாக, கீபோர்டைச் சொருகினால் முறை தானாக மாற ஒரு சின்ன புரோகிராம் தயார். சொருகினார், மாறியது. உருவினார், திரும்பியது. டீக்கடைக்காரரைக் கூட்டிவந்தும் காட்டினார்.

மறுநாள் ஓனர் தன் வயரில்லாத மவுஸின் யுஎஸ்பி குச்சியைச் சொருகினார். நான் அடித்துக்கொண்டிருந்த அழைப்பிதழ் அரை வரியில் உளற ஆரம்பித்தது. அந்தக் குச்சியையும் கம்ப்யூட்டர் கீபோர்டு என்றே நினைத்துவிட்டதாம்.

"யோவ், என் மவுஸையும் உன் கட்சில சேத்துட்டியா?" என்றார் ஓனர்.

அண்ணன் மறுபடி உட்கார்ந்தார். தன் போர்டை மட்டும் அடையாளம் தெரிந்துகொண்டு மாறும்படி திருத்தினார்.

சில நாள் கழித்து நானும் ஒரு கீபோர்டு வாங்கிவந்து, மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய் வந்தேன். அண்ணனின் போர்டு சொருகியே இருந்ததால், முறையை நானே மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே சொருகினேன். தானாக என் முறைக்கு மாறியது. திரும்பிப் பார்த்தேன். அவர் ஏதோ புரூஃப் பார்ப்பவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீ டீ குடிக்கப் போனப்ப உன்னோடதையும் புரோகிராம்ல சேத்து வுட்டேன். தெனம் முறைய மாத்தத் தடுமாறிக்கினு இருந்த, பாக்க சகிக்கல."

அதன்பிறகு அவர் எத்தனை திட்டினாலும் எனக்குக் கோபமே வந்ததில்லை.